எழுபத்து மூன்றுக்கு அப்புறம் வெள்ளை

மணி இரண்டே கால். மூன்று மணிக்கு சுகிர்தம் மேடம் கூப்பிடுவார். நடுவில் இருக்கும் முக்கால் மணி நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. வேலை இல்லாமல் இல்லை, பள்ளிக்கூடத்து வெப்சைட் ஒன்று பாதியில் கிடக்கிறது, ஆனால் கை மறுபடியும் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறது. திரையின் குறுக்கே ஒரு கோடு, கோட்டின் மேல் வருஷங்கள். விரலால் தள்ளினால் வருஷங்கள் நகரும். கீழே அட்டை அட்டையாக வரும், அட்டையைத் தொட்டால் விரிந்து ஒரு போட்டோவும் நாலைந்து வரியும் தெரியும். பாளையங்கோட்டையில் டிரங்க் கால் காலத்து டெலிபோன் ஆபரேட்டர்கள், எல்லாரும் பெண்கள், எல்லாருக்கும் எழுபதுக்கு மேல், ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், மேடமும் அதில் ஒருவர். அவர்களுடைய சரித்திரம் இது. மொத்தம் நாற்பத்தாறு அட்டை. தள்ளுகிறேன். 1952, லைன் மாற்றிக் கொடுக்கும் முதல் போர்டு வந்தது. 1958, இரவு ஷிஃப்டுக்குப் பெண்கள் கூடாது என்று யாரோ எழுதிய கடிதம். 1965. 1971. 1973. அதற்கு அப்புறம் வெள்ளை. கோடு மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது, அதன் கீழே ஒன்றும் கிடையாது, எவ்வளவு தூரம் தள்ளினாலும் வெள்ளை. நாளைக் காலை சங்கத்துக் கூட்டத்தில் இதைத் திரை போட்டுக் காட்டப் போகிறார்கள். இதைச் சரிசெய்ய வேண்டியவன் நான், தாணுமாலயன், நாற்பத்து மூன்று வயது, இந்த இரண்டாவது மாடி வீட்டில் தனியாக உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவன். சரிசெய்தும் விட்டேன். செவ்வாய்க்கிழமையே சரிசெய்துவிட்டேன். இன்று வெள்ளி. இது யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு எழுத்து. பத்து நாள் தேடியது அதைத்தான். போன்தான் பழசு என்றேன், அப்புறம் நெட் சரியில்லை என்றேன், படங்கள் பெரிதாக இருக்கின்றன என்று எல்லாவற்றையும் சின்னதாக்கினேன், நகர்த்துகிற பகுதியை முழுதாக அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே இடத்தில், எழுபத்து மூன்று தாண்டியதும், வெள்ளை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு, மேடம் தன் கையாலேயே தட்டி அனுப்பிய பட்டியலை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது தட்டுப்பட்டது. 1974 அக்டோபர் 10. பத்தில் சுழியம் இல்லை. சுழியத்தின் இடத்தில் ஆங்கில எழுத்து ஓ. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மனுஷக் கண்ணுக்கு அது பத்து, கம்ப்யூட்டருக்கு அது எண்ணே கிடையாது. முந்தின அட்டையிலிருந்து எத்தனை நாள் என்று பார்த்து அந்தத் தூரத்தில் அடுத்த அட்டை உட்காரும்படி நான் எழுதியிருந்தேன். அந்த ஒன்றுக்கு உட்கார இடம் தெரியவில்லை, அதனால் பின்னால் வந்த பத்தொன்பதுக்கும் இடம் தெரியவில்லை. எழுத்தை அழித்துச் சுழியத்தைப் போட்டேன். என் கம்ப்யூட்டரில் நாற்பத்தாறும் வரிசையாக வந்து நின்றன. எழுந்து நின்று கையைத் தட்டினேன். வீட்டில் ஒருத்தரும் இல்லாமல் தனியாகக் கை தட்டினால் அந்தச் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது, உடனே நிறுத்திக்கொண்டேன். சர்வரில் ஏற்ற ஒரு நிமிஷம். மேடம் மூன்று மணிக்குக் கூப்பிடும்போது சொல்லிக்கொண்டே ஏற்றலாம் என்று வைத்திருந்தேன், அப்படிச் சொன்னால் அவர் சந்தோஷப்படுவதைக் கேட்கலாம் என்று. அவ்வளவுதான் நினைத்தேன். உண்மையிலேயே அவ்வளவுதான்.

அவர் ஹலோ சொல்ல மாட்டார். “லைன்ல இருக்கீங்களா தம்பி?” என்பார். முப்பத்தாறு வருஷம் போர்டில் உட்கார்ந்த குரல். வயது எழுபத்து நாலு, குரலுக்கு அது தெரியாது. நான் அவரை நேரில் பார்த்ததில்லை, அவர்கள் அனுப்பிய குரூப் போட்டோக்களில் எது அவர் என்று கேட்டதும் இல்லை, கேட்டால் குரல் குறைந்துவிடும்போல் இருந்தது. “இப்பத் தள்ளுதேன். எழுபத்தொண்ணு. அட்டை நிக்கி. எழுபத்தி மூணு. நிக்கி. போச்சு தம்பி, வெள்ளையாயிட்டு.” தினமும் மூன்று மணிக்கு இதைச் சொல்வார், சொல்லிவிட்டு வைத்துவிட மாட்டார். இன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேட்பார். ரசம் என்றால் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பார். ஒன்றும் இல்லை என்றால் அது எப்படி ஒன்றும் இல்லாமல் இறங்கும் என்பார். அதிலிருந்து எழுபதுகளின் கேன்டீனுக்குப் போவார், அங்கிருந்து பம்பாய்க்குப் பேச எட்டு மணி நேரம் காத்திருந்து, லைன் கிடைத்ததும் பேச வேண்டியதை மறந்துபோன ஒரு புகையிலை வியாபாரிக்குப் போவார். இருபது நிமிஷம், சில நாள் அரை மணி. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு எல்லாம் தயாராக இருந்தது, விரல் பொத்தானின் மேல் இருந்தது. அவர் கேட்டார், “தம்பி, நேத்து வாங்கினேன்னு சொன்ன கத்திரிக்கா என்னாச்சு?” என்று. நான் கத்திரிக்காய் வாங்கியதை இந்த உலகத்தில் ஒருத்தர் ஞாபகம் வைத்திருக்கிறார். “வதக்கினேன் மேடம்” என்றேன். அப்புறம் அவர் தள்ளிப் பார்த்தார், வெள்ளை என்றார். என் வாய் தானாகச் சொன்னது, “இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன் மேடம்.”

மணி இரண்டரைகூட ஆகவில்லை. மேல்வீட்டில் மிக்சி ஓடுகிறது. இந்த நேரத்தில் என்ன அரைப்பார்களோ. மாவாக இருக்கும். பிருந்தா, என் மனைவி, இந்த நேரத்தில் படுத்திருப்பாள். இருந்தபோது. அந்த அறையில், கதவைச் சாத்தாமல். நான் இங்கே இதே நாற்காலியில் காதில் ஹெட்போனோடு இருப்பேன். கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, அதனால் அவள் வாட்சப்பில் அனுப்ப ஆரம்பித்தாள். பத்தடி தூரத்திலிருந்து. சாப்பாடு ரெடி. தண்ணி வருது, மோட்டார் போடவா. அம்மாவுக்குச் சுகர் கூடிட்டாம். நான் கட்டை விரலை அனுப்புவேன். மஞ்சளாக ஒரு கட்டை விரல், மேலே தூக்கியபடி. எல்லாவற்றுக்கும் அதுதான். அதை அனுப்பத் திரையைப் பார்க்கக்கூட வேண்டாம், விரலுக்கு இடம் பழகிவிட்டது. அன்றைக்கும் இதே மத்தியானம். போன் அதிர்ந்தது, அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது வீடு ஏதோ மாதிரி இருந்தது. செருப்பு ஸ்டாண்டில் அவள் பக்கம் காலி. அப்புறம்தான் போனை எடுத்து வாசித்தேன். நான் தூத்துக்குடிக்குப் போறேன். இனி வரல. அதற்குக் கீழே என்னுடைய கட்டை விரல். நல்லது, சரி, அப்படியே செய், என்று தூக்கியபடி. இரண்டு நீலக் கோடு, அவள் பார்த்துவிட்டாள். ஆட்டோவில் வைத்துப் பார்த்திருப்பாள். எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டையைத் தாண்டியிருப்பாளா? இல்லை, கீழே வாசலிலேயே நின்றுகொண்டு நான் இறங்கி வருகிறேனா என்று காத்திருந்தபோது அது போயிருக்குமா? பதினான்கு மாதமாக இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறேன். வாசலா, ஆட்டோவா. வாசல் என்றால் ஒரு மாதிரி, ஆட்டோ என்றால் ஒரு மாதிரி. கேட்டால் தெரிந்துவிடும், கேட்கவில்லை. பார்க்காமல் அனுப்பிவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் பார்க்காமல் அனுப்பியதுதானே குற்றமே, அதையே காரணமாக எப்படிச் சொல்வது. திங்கள்கிழமை மேடம் கேட்டார், “வீட்டுல யாரும் இல்லையா தம்பி, சத்தமே காணுமே?” ஊருக்குப் போயிருக்காங்க என்றேன். போர்டில் இருந்தவர்களுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும் என்று அவரே ஒருநாள் சொல்லியிருக்கிறார், எந்த வீட்டுக்குச் சாவுச் செய்தி, எந்த வீட்டுக்குக் கல்யாணச் செய்தி என்று.

மூன்று. போனைத் திருப்பி வைத்தேன். மூன்று ஐந்து. சார்ஜ் இருக்கிறது, டவர் இருக்கிறது. அவர் நேரம் தவறுகிறவர் இல்லை. நேற்றே சரியில்லை, நேற்று நாலு நிமிஷம்தான் பேசினார். என்ன சமைத்தேன் என்று கேட்கவில்லை. தள்ளிப் பார்க்கக்கூட இல்லை. “ஆயிட்டா தம்பி?” என்றார், இன்னும் இல்லை மேடம் என்றேன், “சரி” என்று வைத்துவிட்டார். அலுத்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது, கோபம் என்றே சொல்லலாம், என்னிடம் அலுக்காதவர்களே கிடையாதா என்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். புதன்கிழமை ஒன்று சொன்னாரே, “ஒருத்தி பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா தம்பி, சீக்கிரம் ஆவுமா?” என்று. ரெண்டு நாள் மேடம் என்று சொன்னேன். யார் அந்த ஒருத்தி என்று கேட்டிருக்கலாம். மூன்று பத்து. நாமே கூப்பிட்டால் என்ன? கூப்பிட்டு என்ன சொல்வது? இன்றைக்கு எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும், நாளைக்குக் கூட்டம். சற்றுமுன்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிடலாம். நல்லபடியாக முடிந்துவிடும். நன்றி தம்பி என்பார். அதோடு மூன்று மணி என்பது ஒரு மணி, நாலு மணி மாதிரி வெறும் மணியாகிவிடும். மூன்று இருபது. குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பாரோ? அவர் வீடு எது, கூட யார் இருக்கிறார்கள், எதுவுமே எனக்குத் தெரியாது. அவர் என் கத்திரிக்காய் வரை தெரிந்து வைத்திருக்கிறார். போன் அடிக்கிறது.

“லைன்ல இருக்கீங்களா?” குரல் அடைத்திருந்தது. பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம், எப்போதும் கேட்பதுதான், ஃபேன் என்று நினைத்திருந்தேன். “இருக்கேன் மேடம். லேட்டாயிட்டே, என்னமோன்னு பயந்துட்டேன்” என்றேன். “டாக்டர் வந்துட்டுப் போனாரு. நான் ரெஜினா வீட்டுல இருந்து பேசுதேன் தம்பி. தெனமும் இங்க இருந்துதான் பேசுவேன். ரெஜினா என் பக்கத்து சீட்டு, இருபத்தெட்டு வருஷம். ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. மூணு மணிக்குத்தான் அவ நல்லா முழிச்சிருப்பா. ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருவேன், நம்ம பேச்சைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டுக் கிடப்பா. அந்தக் கத்திரிக்கா கேட்டதுகூட அவ கேக்கச் சொன்னதுதான்.” மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் இல்லை, மூச்சுக்கு வைத்திருக்கிற மெஷின். “அவளுக்கு எழுபத்தி நாலாம் வருசத்து அட்டையைப் பாக்கணும் தம்பி. அதுல ஒரு பேரு இருக்கு. நான் போட்டிருக்கேன்னு சொன்னா நம்ப மாட்டேன்னா, கண்ணால பாக்கணும்னா. இன்னைக்காவது ஆயிருமா?” ஒரு நிமிஷம் மேடம், என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாற்பது செகண்டில் ஏறிவிட்டது. நாலு நாள் வைத்திருந்ததற்கு அது ரொம்பக் குறைச்சலாக இருந்தது. “இப்பத் தள்ளிப் பாருங்க.”

“எழுபத்தொண்ணு. எழுபத்தி மூணு. வந்துட்டு. தம்பி, வந்துட்டு! ஏட்டி ரெஜி, வந்துட்டு, இந்தா பாரு. நம்ம போட்டோ. நீதான் நடுவுல. ரெஜி. ஏட்டி, கண்ணத் திற.” அப்புறம் மோட்டார் சத்தம் மட்டும். “திறக்க மாட்டேங்கா. நேத்து காலையில இருந்தே இப்படித்தான். கையைப் பிடிச்சா லேசா அமுக்குதா, அவ்வளவுதான்.” மூக்கை உறிஞ்சினார். “என்ன கோளாறு தம்பி அது?” உங்கள் கை தப்பு மேடம், சுழியத்துக்குப் பதில் ஓ அடித்துவிட்டீர்கள், என்று சொல்லலாம். உண்மைதான் அது. “ஒரு எழுத்து மாறியிருந்துச்சு மேடம்.” “ஒரு எழுத்தா! இப்பத்தான் கண்ணுல பட்டுதா?” ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவருக்கு அது போதும், நாளைக்குக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கை தட்டுவார்கள். ஆமாம் என்பதற்கு வாயைத் திறந்தேன், திறந்த வாயிலிருந்து, “செவ்வாக்கிழமை” என்று வந்தது. “என்னது?” “செவ்வாக்கிழமையே சரியாயிட்டு மேடம். நான்தான் ஏத்தல.”

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எண்ணுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். “செவ்வாக்கிழமை அவ உக்காந்து கஞ்சி குடிச்சா. புதன்கிழமை கண்ணாடியப் போட்டு விடுன்னா. போட்டு விட்டேன். வெள்ளையப் பாத்துக்கிட்டுக் கிடந்தா.” நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், வலித்தது, இன்னும் அழுத்தினேன். “ஏன் தம்பி?” இந்த ஏன் எனக்குப் புதிது இல்லை. பிருந்தா கேட்டிருக்கிறாள், ஏன் பேச மாட்டேங்கிறீங்க என்று, எத்தனையோ தடவை, நேரில் நின்று, அப்புறம் வாட்சப்பில். அதற்கெல்லாம் பதிலே சொன்னதில்லை. “சரியாயிட்டுன்னு சொன்னா அப்புறம் நீங்க கூப்பிட மாட்டீங்க.” வெளியே வந்ததும் அது எவ்வளவு சின்னதாக இருந்தது. ஸ்கூலில் பிள்ளைகள் சொல்கிற காரணம் மாதிரி. “கூப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா கூப்பிட்டிருப்பேனே தம்பி. எனக்கு மட்டும் வீட்டுல யாரு இருக்கா?” என்றார். அதில் கோபம் இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“எழுத்து பொடிசா இருக்கு, என் கண்ணுக்கு எட்டல. நீங்க வாசிங்க. போனை அவ காதுல வைக்கேன்.” அட்டையைத் தொட்டேன், விரிந்தது. கருப்பு வெள்ளையில் ஏழு பெண்கள், தலையில் ஹெட்செட், நடுவில் இருப்பவள் கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். இந்த அட்டையின் தேதியை நூறு தடவை பார்த்திருப்பேன். அதன் கீழே இருந்த வரிகளை ஒரு தடவைகூட வாசித்ததில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தேன். “1974 அக்டோபர் 10. பெருமழை. கடற்கரைப் பக்கத்து லைன்கள் எல்லாம் போய், ஒன்று மட்டும் மிஞ்சியது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லச் சொல்ல, ஆபரேட்டர் ரெஜினா எழுதிக்கொண்டார். பதினோரு பெயர்கள். ஒன்பதாவது பெயர் அவருடைய தம்பி. அவர் அதையும் எழுதி, மீதி இரண்டையும் கேட்டு எழுதி, பதினொன்றையும் கலெக்டர் ஆபீசுக்கு வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் சீட்டை விட்டு எழுந்தார். பேப்பரில் எண்ணிக்கை மட்டும் வந்தது. அவர் தம்பியின் பெயர் சந்தியாகு. வயது இருபத்தொன்று.”

முடித்துவிட்டேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடியது. கேட்டாரா என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. சுகிர்தம் மேடத்தின் குரல் தூரத்திலிருந்து வந்தது, “அவ கைய அமுக்குதா தம்பி. பேரை மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க.” சந்தியாகு, என்றேன். “அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஹெட்செட் மாட்டுன காது. சத்தமா.” சந்தியாகு. “இன்னும் சத்தமா.” இந்த வீட்டில் நான் சத்தமாகப் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியவில்லை, என் குரல் எதுவரை போகும் என்றும் தெரியவில்லை. எழுந்து நின்றேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது, இருக்கட்டும். சந்தியாகு, என்று கத்தினேன். வயது இருபத்தொன்று. சந்தியாகு. மேல்வீட்டில் மறுபடி ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது. யாரோ படியில் இறங்கி வருகிற சத்தம் கேட்டது, எங்கள் தளத்தில் வந்து நின்றது, யாரு, என்ன சார், என்னாச்சு என்று கதவைத் தட்டினார்கள். நான் இன்னும் ஒரு தடவை சொன்னேன்.